ஒரே தாய்மாமன், நானூறு பேர்

எங்கள் பக்கத்தில் ஒருவரைக் கைநீட்டி அடித்துவிட்டுக்கூடச் சமாதானம் பேசிவிடலாம். முறை மாற்றிக் கூப்பிட்டுவிட்டால் முடிந்தது கதை. மாமனை அண்ணன் என்று கூப்பிட்டார்கள் என்பதற்காகப் பந்தியில் பாதியில் எழுந்து போனவரை நான் பார்த்திருக்கிறேன். (இலையில் அப்போதுதான் கறி வைத்திருந்தார்கள். அதையும் விட்டுவிட்டுப் போனார்.) அப்பேர்ப்பட்ட சனங்களுக்கு நடுவில், சமயநல்லூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடி, ஒரே ஒரு பொத்தானை அழுத்தி நானூறு பேருக்கு முறை மாற்றியவன் நான். குடித்துவிட்டுச் செய்யவில்லை. முழுப் புத்தியோடுதான் செய்தேன். அந்தப் புத்தி எம்புட்டு என்பதை மேற்கொண்டு நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

என் அக்கா தேன்மொழியை ஒத்தக்கடையில் கட்டிக்கொடுத்திருந்தோம். அப்பா தவறிய பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்றால் அம்மாவும் நானும்தான். மச்சான் தங்கமான மனிதர். மச்சானைப் பெற்ற அத்தையும் நல்லவர்தான், நாக்குதான் கொஞ்சம் நீளம். அக்கா மகள் யாழினிக்குக் காதுகுத்து வைக்கலாம் என்று பேச்செடுத்த அன்றே அத்தை சொல்லிவிட்டார்: "உங்க பக்கம் யாரு இருக்கா, ஒத்தத் தம்பி. சீரு ஒரு ஷேர் ஆட்டோல வந்துரும்."

காதுகுத்தில் குழந்தையை மடியில் உட்கார வைத்துக்கொள்ளும் உரிமை தாய்மாமனுக்கு. தட்டு, மாலை, கிடா, மேளம் என்று அவன் சீர் கொண்டுவரும் தோரணையை வைத்துத்தான் தாயின் பிறந்த வீட்டை ஊர் எடைபோடும். அன்று ராத்திரி அக்கா எனக்குப் போன் போட்டு அழுதாள். "டேய், அந்த ஒரு நாள் மட்டும் என் மானத்தைக் காப்பாத்திக் குடுத்துரு. அதுக்கப்புறம் உன்கிட்ட எதுவுமே கேக்க மாட்டேன்" என்றாள். நானும் பெரிய மனிதன் மாதிரி, "நான் பாத்துக்கிறேன் விடு" என்றேன். அப்போது நான் டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். (வேலை தேடிக்கொண்டிருந்தேன் என்பது அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டது.)

கையில் காசில்லாதவன் வேறு எதைக் கொண்டு மானத்தைக் காப்பாற்றுவது. என்னிடம் இருந்தது ஒரு பழைய லேப்டாப்பும், டேட்டாபேஸ் பற்றி வீடியோவில் பார்த்த கொஞ்சம் ஞானமும். வாய்ப்பும் தானாக வந்தது. பத்திரிகை உறை ஒவ்வொன்றிலும் பெயரோடு முறையையும் அச்சடித்துவிட வேண்டும் என்று அத்தை பிடிவாதம் பிடித்தார். "சின்னவன் கல்யாணத்துல கையால எழுதி, ஒருத்தருக்கு முறை மாறிப்போயி, இன்னைக்கு வரைக்கும் அவுக வீட்டுப் படியேற முடியல" என்றார்.

"கவலைய விடுங்கத்தை. டேட்டாபேஸ்ல போட்டுருவோம். தப்பே வராது" என்றேன். டேட்டாபேஸ் என்றால் என்ன என்று அங்கே யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது என்பது எனக்கு மட்டும் தெரியாது.

டேட்டாபேஸ் வேலைக்கென்று நான் இறக்கிக்கொண்ட கருவியின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. அதன் மேல் ஒரு தப்பும் இல்லை. கம்ப்யூட்டரில் ஏற்றியதும் அழகாகத் திறந்தது. இடது பக்கம் கிளை கிளையாக ஒரு பட்டியல், நடுவில் எழுதுவதற்கு இடம், மேலே ஏகப்பட்ட பொத்தான்கள். பார்த்தவுடனே வேலை கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது. "இணைக்கவா?" என்று கேட்டது. சரி என்றேன். இணைக்க முடியவில்லை என்றது. மறுபடி சரி என்றேன். மறுபடி முடியவில்லை என்றது. இப்படியே நானும் அதுவும் இரண்டு நாள் பேசிக்கொண்டிருந்தோம். பொறுக்க முடியாமல் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் கூட்டாளி பிரவீனைப் போனில் பிடித்தேன்.

"மாப்ள, டேட்டாபேஸ் சர்வரைப் போட்டுட்டியா?" என்றான்.

"அதான்டா போட்டேன். சன்னல் மாதிரி அழகாத் திறக்குது."

"அது உள்ள இருக்கிறதைப் பாக்குற கருவி மாப்ள. உள்ள இருக்க வேண்டியதை நீ இன்னும் போடவே இல்ல."

அதாவது, கிணறே வெட்டாமல் மோட்டாரை மாட்டிவிட்டுத் தண்ணீர் வரவில்லை என்று இரண்டு நாளாகச் சுவிட்சைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். சர்வரைப் போட்டேன். பாஸ்வேர்டு வைக்கச் சொன்னது. யாரும் கண்டுபிடிக்க முடியாததாக வைத்தேன். அரைமணி நேரத்தில் என்னாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலில் இருந்து போட்டேன். இணைந்தது. ஆசை ஆசையாகச் சொந்தக்காரர்கள் பெயரைத் தமிழில் அடித்து ஏற்றினேன். திறந்து பார்த்தால் பெயர் இருக்க வேண்டிய இடமெல்லாம் வரிசையாகக் கேள்விக்குறி. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம சொந்தம் அம்புட்டும் அப்பிடித்தான்டா. கம்ப்யூட்டர் சரியாத்தான் சொல்லுது" என்றார். ஏதோ ஓர் எழுத்து அமைப்பை மாற்ற வேண்டுமாம். எதை மாற்றினேன் என்று இன்றுவரை தெரியாது, தமிழ் வந்துவிட்டது.

அதைவிடக் கொடுமை அம்மாவிடம் முறை கேட்டு ஏற்றியது. ஓர் ஆளுக்கு ஒரு முறைதான் போட இடம் வைத்திருந்தேன். அம்மாவோ, "இவுக அப்பா வழியில உனக்குச் சித்தப்பா. ஆனா அவுக வீட்டுக்காரம்மா வழியில பாத்தா அண்ணன்" என்பார்.

"ஏதாச்சும் ஒண்ணைச் சொல்லும்மா."

"ரெண்டும்தான்டா."

"கம்ப்யூட்டர் ஒண்ணுதான் வாங்கும்."

"அப்ப நல்ல கம்ப்யூட்டரா வாங்க வேண்டியதுதான?"

தலையில் அடித்துக்கொண்டு நானூறு பேரை ஏற்றினேன். வாடிப்பட்டியில் இருக்கும் தவசி அண்ணன் பெயர் வந்தபோது அம்மா குரலை இறக்கினார். தவசி அண்ணன் என் பெரியப்பா மகன். பாகம் பிரித்தபோது அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் முட்டிக்கொண்டதில் இருந்து அந்த வீட்டோடும், அவர்களைச் சேர்ந்த மற்ற பங்காளி வீடுகளோடும் எங்களுக்குப் போக்குவரத்து இல்லை. "பத்திரிகை வைக்காம விட்டா பேச்சாயிரும். பேரைப் போட்டு கூரியர்ல அனுப்பிவிடு. வந்தா வரட்டும்" என்றார் அம்மா.

கடைசியில் என்னுடைய வரிக்கு வந்தேன். அக்காவுக்கு நான் தம்பி என்பதால் முறை என்ற இடத்தில் 'தம்பி' என்று இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. விழாவின் கதாநாயகனே நான்தான், என் உறையில் வெறும் தம்பியா? அதோடு விட்டேனா. தாய்மாமன் என்று இருக்கும் உறைக்குள் மட்டும் ரோஸ் கலரில் ஒரு துண்டுத்தாள் அச்சாகிற மாதிரி ஏற்பாடு செய்தேன். வாசகம் என் சொந்தச் சரக்கு: 'குழந்தையின் ஒரே தாய்மாமனாகிய தாங்கள் சீர்வரிசையுடன் வருகை தந்து, குழந்தையைத் தங்கள் மடியில் அமர்த்தி, காதணி விழாவை நடத்தித் தருமாறு உரிமையுடன் அழைக்கிறோம்.' எனக்கு நானே எழுதிக்கொண்ட அழைப்பு. (வெட்கமாகத்தான் இருக்கிறது. அப்போது இல்லை.)

பிறகு என் முறையை மாற்றுவதற்குக் கட்டளை எழுதினேன். முறை என்ற இடத்தில் தாய்மாமன் என்று மாற்று. அவ்வளவுதான் எழுதினேன். யாருடைய முறையை என்பதை எழுதவில்லை. என் மனதில் நான் மட்டும்தானே இருந்தேன், கம்ப்யூட்டருக்கும் அது தெரிந்திருக்கும் என்று இருந்துவிட்டேன். கருவி நல்ல பிள்ளையாக ஒரு பெட்டியைக் காட்டி எச்சரித்தது. நிபந்தனை எதுவும் இல்லை, எல்லா வரிகளும் மாறும், நிச்சயமா என்றது. காலையில் இருந்து அது என்னை எத்தனையோ கேள்வி கேட்டுப் பிராணனை வாங்கியிருந்தது. "ஆமாங்கய்யா ஆமாம்" என்று சொல்லிக்கொண்டே அழுத்தினேன். 'இனிமேல் இப்படிக் கேட்காதே' என்பதிலும் ஒரு டிக் போட்டேன். மாற்றிய கையோடு நிரந்தரமாக்கிவிடும் ஏற்பாட்டையும் நான்தான் முன்பே போட்டு வைத்திருந்தேன். அப்படியே கோப்பாக்கி மதுரையில் ஓர் அச்சகத்தில் கொடுத்தேன். உறைகள் வந்ததும் கட்டைப் பிரித்து என் பெயர் இருந்த உறையை மட்டும் எடுத்து நாலு தடவை படித்தேன். மற்றவை எல்லாம் அப்படியே கூரியருக்குப் போயின.

முதல் போன் மச்சானின் தம்பி பாண்டியிடம் இருந்து வந்தது. குழந்தைக்குச் சித்தப்பா அவர்.

"மாப்ள, நான் யாரு?" என்றார்.

"என்ன மச்சான் இப்பிடிக் கேக்குறீங்க?"

"இல்ல, உறையில தாய்மாமன்னு போட்டிருக்கியே. அப்ப எங்க மதினி எனக்கு அக்காவா? எங்கண்ணன் எனக்கு மச்சானா? எங்கம்மா எனக்கு யாரு, சம்பந்தியா? நான் எந்த வீட்டுல உக்காந்து சோறு திங்கட்டும், நீயே சொல்லிரு."

அவரை ஒருவழியாகச் சமாளித்துவிட்டுப் போனை வைக்கும் முன்பே அடுத்த போன். அம்மாவோடு படித்த பஞ்சவர்ணம் டீச்சர். "தம்பி, தாய்மாமன்னு வந்திருக்கு. நான் வேட்டி கட்டிட்டு வரணுமா?" என்று அமைதியாகக் கேட்டார். லேப்டாப்பைத் திறந்தேன். மேலிருந்து கீழ் வரை தாய்மாமன். ஆண், பெண், அத்தை, சித்தி, அச்சகக்காரர், மண்டபத்து மேனேஜர், கரண்டு ஆபீஸ்காரர், அம்புட்டுப் பேரும் என் அக்காவோடு கூடப் பிறந்துவிட்டார்கள்.

பிரவீனுக்குப் போன் போட்டேன். "நிபந்தனை போட்டியா?" என்றான். இல்லை என்றேன். "பழசை எங்கயாச்சும் எடுத்து வச்சிருக்கியா?" என்றான். இல்லை என்றேன். பிறகு அந்தப் பாவி, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம் கேட்டது.

சரி, பெரிய சண்டை எங்கே வருமோ அங்கே முதலில் உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று தவசி அண்ணனுக்குப் போன் போட்டேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் அழ ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி குமரேசா, நீ கூடப் பொறந்தவன். ஒன் உரிமைடா அது. நீ சின்னவன்னு விட்டுக் குடுத்து, மூத்தவன் எனக்குக் குடுத்திருக்க பாரு, அங்க நிக்கிறாரு எங்க சித்தப்பா, ஒங்கப்பா. எங்கள மதியாம விட்டுருவீகளோன்னு எம்புட்டு வருசம் மனசுல வச்சிருந்தேன் தெரியுமா. கிடா பிடிச்சாச்சு. மேளம் சொல்லியாச்சு. வாரேன்டா."

இதற்குப் பிறகு, 'அண்ணே, அது கம்ப்யூட்டரில் வந்த தப்பு' என்று எந்த வாயால் சொல்வது. நல்லது அண்ணே என்றேன். அதே பங்காளி வழியில் மற்றவர்களையும் கூப்பிட்டுப் பார்த்தேன். ஆளாளுக்கு அதே அழுகை, அதே கிடா. ஒருவரிடமும் சொல்ல முடியவில்லை. டவுனில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஜமால் மாமா, அப்பாவோடு சின்ன வயதில் இருந்து பழகியவர். மதுரையில் முஸ்லிம்களும் நாங்களும் ஒருவரையொருவர் மாமன் மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்வதுதான் வழக்கம். அவர் சொன்னார்: "வாய்ல மாமான்னு கூப்பிடுவீங்க. அச்சடிச்சுக் கூப்பிட்டது இதான் முதல் தடவை. இன்ஷா அல்லாஹ், புள்ளைக்குப் பட்டுப்பாவாடை என் பொறுப்பு."

அக்காவிடம் போய் நின்றேன். திட்டினாள். எப்படித் திட்டினாள் என்பதை எழுதினால் இந்தப் புத்தகத்தை வீட்டில் வைக்க முடியாது. திட்டி முடித்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மானத்தைக் காப்பாத்துன்னு சொன்னேன்டா. சபையில எல்லாரும் நான்தான் மாமன், நான்தான் மாமன்னு சண்டை போட்டா எங்கத்தை காலம் பூரா சொல்லியே கொன்னுரும்" என்றாள். புகுந்த வீட்டு ஆட்களிடம் நானே நேரில் வெற்றிலை பாக்கோடு போய் மன்னிப்புக் கேட்பது, எங்கள் பக்கத்து ஆட்களிடம் வாயே திறக்காமல் இருப்பது என்று முடிவானது. ஒத்தக்கடையில் படியேறாத வீடு இல்லை. எல்லா வீட்டிலும் காபி கொடுத்துத் திட்டினார்கள். அத்தையிடம் மட்டும், "கம்ப்யூட்டர் ரிப்பேர்" என்று பொதுவாகச் சொல்லி வைத்தேன்.

விழா அன்று வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் மண்டபம். முதலில் நானும் அம்மாவும் சீர்த் தட்டுகளோடு வந்து இறங்கினோம். ஷேர் ஆட்டோவில்தான். வாசலில் நின்ற அத்தை எங்களையும் ஆட்டோவையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குள் தெப்பக்குளம் பக்கமிருந்து மேளச் சத்தம். தவசி அண்ணன் வேனில் இருந்து இறங்கினார், முன்னால் கிடா, பின்னால் தட்டோடு பெண்கள். அவருக்கு ஆரத்தி எடுத்து முடிப்பதற்குள் அடுத்த மேளம். அது பரவையில் இருக்கும் பங்காளிச் சித்தப்பாவின் மகன். அடுத்து இன்னொரு பங்காளி. அடுத்து ஜமால் மாமா, தாம்பாளத்தில் பட்டுப்பாவாடையோடு. என்னையும் சேர்த்து மொத்தம் பதினோரு தாய்மாமன்கள். தெப்பக்குளத்தைச் சுற்றிப் போக்குவரத்தே நின்றுவிட்டது.

உள்ளே காது குத்துகிற ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருந்தார். "மாமன் யாரு, மடியைக் குடுங்க" என்றார். பதினோரு பேரும் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள்.

ஆசாரி எல்லோரையும் பார்த்தார். "ஐயா, குத்துறதுக்கு எனக்கு ரெண்டு காதுதான் இருக்கு" என்றார்.

தவசி அண்ணன் சட்டைப் பையில் இருந்து ரோஸ் தாளை எடுத்துக் காட்டினார். "இந்தா, எழுத்துலயே இருக்கு. ஒரே தாய்மாமன்." ஜமால் மாமா சந்தேகமாகத் தன் பையில் இருந்து ஒன்றை எடுத்தார். மற்றவர்களும் எடுத்தார்கள். மேளக்காரர் யாரும் சொல்லாமலே நிறுத்திவிட்டார். எல்லோரும் தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றார். அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. எழுந்து நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே, என் பெயரை மாற்றப் போய் எல்லோரையும் மாற்றிவிட்ட கதையைச் சொன்னேன். நிபந்தனை பற்றியும் விளக்கினேன். அந்தச் சபையில் அதை யாரும் கேட்கவில்லை.

தவசி அண்ணன் தாளை நாலாக மடித்தார். "அப்ப நீ எனக்கு விட்டுக் குடுக்கல."

"இல்லண்ணே."

"நான் வந்ததும் தப்பா?"

அக்காதான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அவன் தப்பாப் போட்டா என்னண்ணே. நீங்க எனக்கு அண்ணன் இல்லன்னு ஆயிருமா? எங்கப்பா இருந்து கூப்பிட வேண்டிய ஆளுகளை இந்தக் கூறுகெட்டவன் தெரியாமக் கூப்பிட்டிருக்கான். தெரிஞ்சு கூப்பிடாம விட்டது எங்க தப்பு" என்று சொல்லி, குழந்தையைத் தவசி அண்ணன் மடியில் வைத்தாள். எனக்கு அக்காவைப் பார்த்துப் பெருமையாகவும் என்னைப் பார்த்து எரிச்சலாகவும் இருந்தது.

தவசி அண்ணன் தாளைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டார். மொட்டை ஒரு மடியில், வலது காது ஒரு மடியில், இடது காது ஒரு மடியில் என்று ஆசாரியே பிரித்தார். மிச்சமிருந்த மாமன்கள் கை, கால், தலை என்று கிடைத்ததைப் பிடித்துக்கொண்டார்கள். என் முறை வரும் என்று ஓரமாக நின்றேன். அப்போது அத்தை என்னைப் பார்த்து, "தம்பி, சும்மாதான நிக்கிற. பின்னாடி கிடா எல்லாம் அவுத்துக்கிட்டு ஓடுது, போயிப் பிடி" என்றார். ஆக, யாழினிக்குக் காது குத்தியபோது அவளுடைய ஒரே தாய்மாமன் மண்டபத்துப் பின்பக்கம் ஏழு கிடாய்களின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் வீறிட்டு அழுதது மட்டும் எனக்குக் கேட்டது. விழா ஆல்பத்தில் நான் ஒரு படத்தில்கூட இல்லை.

சாயங்காலம் அத்தை தன் தோளைப் பிடித்துக்கொண்டு அக்காவிடம் வந்தார். "ஆரத்தி சுத்திச் சுத்தி கை கடுத்துப்போச்சுடி. எம்புட்டு ஆளுகடி உனக்கு" என்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒத்தத் தம்பி என்ற பேச்சு எழவில்லை.

அந்தக் கருவியை இப்போதும் தினமும் திறக்கிறேன், அதில்தான் எனக்குச் சோறு. நிபந்தனை போடாமல் ஒரு வரி எழுதுவதில்லை. ஆனால் ஏற்கெனவே போட்டதை இன்றுவரை திருத்த முடியவில்லை. போன வருடம் அக்கா டெங்குவில் படுத்தபோது ஆஸ்பத்திரியில் மாமன்கள் முறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாள் போய் உட்காரலாம் என்றால் எனக்கு இடம் இல்லை. யாழினியைப் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டி வருவதும் அப்படித்தான். அந்தப் பக்கம் யார் வருகிறார்களோ அவர்கள் கூட்டி வந்துவிடுகிறார்கள்.

போன வாரம் எனக்கு அதிர்ஷ்டம் அடித்து, அழைத்து வர நான் போனேன். வாசலில் டீச்சர் நிறுத்தி, "நீங்க யாரு?" என்றார்.

"தாய்மாமன்."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எத்தனாவது?" என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். நான் சண்டைக்குக் கிளம்புவதற்குள், யாழினி பையை என் கையில் கொடுத்துவிட்டு டீச்சரிடம் சொன்னாள்: "மிஸ், இவருதான் மொதல்ல இருந்தே இருக்காரு. மத்த மாமா எல்லாரையும் இவருதான் கம்ப்யூட்டர்ல செஞ்சாரு."